வெந்நீர் முதலில், ஒயின் பிறகு: மார்னிங்டன் தீபகற்பத்தில் ஒரு நாள்

மெல்பர்னுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, வரும் திருமண நாளன்று நீங்களும் கணவரும் வெந்நீர்க் குளியல், கடல், ஒயின் சுவைத்தல் மூன்றையும் ஒரே நாளில் அலைச்சல் இல்லாமல் முடித்துக்கொண்டு வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருவரும் சைவம். ஒயின் இதுவரை குடித்ததில்லை. கார் ஓட்டப்போவது அவர். குளத்தில் என்ன உடுத்துவது என்று உங்களுக்குத் தயக்கம். எல்லாவற்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முடியும். மார்னிங்டன் தீபகற்பத்துக்குப் போங்கள். நகர மையத்திலிருந்து போக்குவரத்தைப் பொறுத்து ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம். தென்கிழக்குப் புறநகரில் இருந்தால் இன்னும் குறைவு. நீங்கள் கேட்ட மூன்றும் அங்கே ஒன்றுக்கொன்று அரை மணி நேரத் தொலைவுக்குள் இருக்கின்றன. இடம் சரிதான், அந்த மூன்றையும் எந்த வரிசையில் வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் திட்டம் கெட்டுப்போகிறது.

வழக்கமாகப் போடும் திட்டம் இப்படி இருக்கும். நிதானமாகப் பத்து மணிக்குக் கிளம்பி, பதினொன்றரைக்கு முதல் ஒயினரி (ஒயின் செய்யும் இடம்), பிறகு இரண்டாவது, மூன்றாவது, நடுவில் எங்காவது சாப்பாடு. ஒயினரிகள் மாலை ஐந்து மணியளவில் மூடிவிடும். வெந்நீர்க் குளங்கள் இரவு வரை திறந்திருக்கும். ஆகவே கடைசியில் குளியல். நேரக் கணக்குப்படி பார்த்தால் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் சூடான நீரில் உட்கார்ந்தால் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். மதுவும் அதையே செய்யும். இரண்டுமே உடம்பின் நீரைக் குறைக்கும். வயிற்றில் மூன்று இடத்து ஒயினோடு நாற்பது டிகிரி நீரிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், சிலர் மயங்கி விழுவதும் உண்டு. குடித்துவிட்டு வராதீர்கள் என்று குளியல் நடத்துபவர்கள் கேட்டுக்கொள்வதற்குக் காரணம் இதுதான். எனவே அப்படியே திருப்பிப் போடுங்கள்: விடியலில் வெந்நீர், அதன் பிறகு கடல், பிறகு வயிறு நிறையச் சாப்பாடு, கடைசியாக ஒயின்.

முதலில் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம். வரைபடத்தில் பார்த்தால் மெல்பர்னுக்குத் தெற்கே பூட்ஸ் அணிந்த கால் ஒன்று கடலுக்குள் நீண்டிருப்பது தெரியும். உள்பக்கம் போர்ட் ஃபிலிப் விரிகுடா, அமைதியான நீர். கிழக்கே வெஸ்டர்ன் போர்ட். தெற்கே பாஸ் நீரிணை, அண்டார்டிகா திசையிலிருந்து வரும் காற்றும் அலையும் நேரே மோதும் முகம். மூன்று பக்கமும் கடல் இருப்பதால் கோடையில் வெயில் அவ்வளவாக உறைக்காது, குளிர்காலத்தில் கடுங்குளிரும் இராது. திராட்சை இங்கே மெதுவாகப் பழுக்கிறது. இந்த ஒயினின் குணத்துக்கே அதுதான் அடிப்படை, பின்னால் சொல்கிறேன்.

வெந்நீர் இருப்பது ஃபிங்கல் என்ற சிற்றூரில். பெனின்சுலா ஹாட் ஸ்பிரிங்ஸ் 2005இல் திறந்தது. ஜப்பானில் இருந்த காலத்தில் அங்குள்ள ஆன்சென் என்னும் வெந்நீர் ஊற்றுக் குளியல்களில் மனதைப் பறிகொடுத்த சார்ல்ஸ் டேவிட்சன், தன் சகோதரர் ரிச்சர்டுடன் சேர்ந்து தொடங்கியது. திருகோணமலைக் கன்னியா கிணறுகளைப் போல நீர் தானாக மேலே வரும் இடம் அல்ல இது. அறுநூறு மீட்டருக்கும் கீழே ஆழ்குழாய் இறக்கி எடுக்கிறார்கள். பக்கத்தில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. பூமிக்குள் ஆழம் கூடக் கூட வெப்பமும் கூடும், அந்த வெப்பத்தில் காலங்காலமாகக் கிடந்த நீர் ஐம்பது டிகிரி அளவில் மேலே வருகிறது. அதை ஆறவைத்து 37 முதல் 43 டிகிரி வரை வெவ்வேறு சூட்டில் குளங்களில் விடுகிறார்கள். கந்தகம், கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கலந்த நீர். கையில் எடுத்தால் லேசான வழவழப்பு தெரியும். மூட்டு வலி தீரும், தோல் நோய் போகும் என்று சொல்பவர்களை நம்பி நான் அனுப்பவில்லை. வெந்நீரில் தசைகள் தளரும், அன்றிரவு நன்றாகத் தூக்கம் வரும். அவ்வளவு தெரியும், அதுவே போதும்.

அதே ஃபிங்கலில் 2022இல் ஆல்பா என்று இன்னொன்று திறந்திருக்கிறார்கள். நவீனக் கட்டடம், நேர்த்தியான வடிவமைப்பு. இரண்டும் நல்லவைதான். முதல் முறை போகும் உங்களுக்கு நான் பெனின்சுலாவைச் சொல்வேன், காரணம் அந்தக் குன்று. குளங்கள் சரிவில் மேலேறிப் போகின்றன, உச்சியில் ஒரு சிறு வட்டக் குளம். அதில் உட்கார்ந்தால் சுற்றிலும் தீபகற்பம் முழுக்கக் கண்ணில் படும். பத்து மணிக்கு மேல் அங்கே இடம் கிடைப்பது சிரமம், படியில் நின்று காத்திருக்க வேண்டும். ஆகவே காலையின் முதல் நேரச் சீட்டை எடுத்து, உள்ளே போனதும் கீழ்க் குளங்களில் தேங்காமல் நேரே மேலே ஏறுங்கள். ஜூன், ஜூலையில் மெல்பர்னில் சூரியன் எழுவதே ஏழரை மணி அளவில்தான். குளிரில் நீரிலிருந்து ஆவி எழும்ப, எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் மறைந்து மறைந்து தெரியும். கழுத்துக்கு மேலே ஐந்து டிகிரி, கழுத்துக்குக் கீழே நாற்பது. அந்த அனுபவத்துக்காகவே கோடையை விடக் குளிர்காலம் நல்லது என்பேன்.

இனி உடை. நீச்சலுடை கட்டாயம். ஆனால் நீச்சலுடை என்றதும் நீங்கள் நினைக்கிற உடையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முழுக்கை வைத்த ராஷ் வெஸ்ட் என்ற நீச்சல் மேற்சட்டையும் கணுக்கால் வரை வரும் நீச்சல் லெகிங்ஸும் போட்டுக்கொண்டு வரும் பெண்கள் ஏராளம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஜப்பானியக் குளியல்களில் ஆடையில்லாமல் இறங்குவது வழக்கம், இங்கே அது கிடையாது. துணி மட்டும் நீச்சலுக்கான துணியாக இருக்கட்டும். பருத்திச் சட்டை, சுடிதார் வேண்டாம், நனைந்தால் கனத்து உடம்பை இழுக்கும், வெளியே வந்ததும் குளிரில் வெடவெடக்க வைக்கும். ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும்போது போர்த்திக்கொள்ள மேலங்கி வாடகைக்குக் கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு அவசியம்.

நகை விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வெள்ளி எதுவும் வேண்டாம். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். ஊரிலிருந்து வந்திருந்த என் அண்ணி, மெட்டியைக் கழற்ற மனமில்லாமல் அப்படியே இறங்கினார். மேலேறி வந்து பார்த்தால் மெட்டி பழைய இரும்புக் கம்பி நிறத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து பேக்கிங் சோடாவும் அலுமினியத் தாளும் போட்ட வெந்நீரில் ஊறவைத்த பிறகுதான் பழைய நிறம் வந்தது. தாலி மஞ்சள் கயிறாக இருந்தால் நாள் முழுக்க ஈரமாக இருக்கும், மாற்றுக் கயிறு ஒன்று கையோடு இருக்கட்டும்.

ஒரு குளத்தில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வெளியே வந்து காற்று வாங்கி, தண்ணீர் குடித்து, அடுத்த குளத்துக்குப் போங்கள். தலையை நீருக்குள் முக்காதீர்கள். இளஞ்சூட்டு இயற்கை நீரில் மூக்கு வழியாகத் தொற்று ஏற அபூர்வமாக வாய்ப்பு உண்டு என்பதால் ஆஸ்திரேலியாவில் பொதுவாகவே சொல்லப்படும் எச்சரிக்கை இது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. வெறும் வயிற்றோடும் போக வேண்டாம், கிளம்பும்போதே இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும்.

இரண்டரை மணி நேரம் தாராளம். அதற்கு மேல் இருந்தால் எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் வருமே, அந்தக் கிறக்கம் வந்துவிடும். பிறகு எங்கேயும் போகத் தோன்றாது. காரோட்டுபவருக்கு அது நல்லதும் அல்ல. வெளியே வந்து காபி குடித்துவிட்டு அரை மணி கழித்து வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கடல். இங்கேதான் ஆசையை அடக்க வேண்டும். சொரெண்டோ, போயிண்ட் நெப்பியன், ஆர்தர்ஸ் சீட், ஃபிளிண்டர்ஸ் என்று பத்து இடங்கள் கண்ணில் படும். எல்லாவற்றையும் சேர்த்தால் காரில்தான் நாள் போகும். போயிண்ட் நெப்பியன் மட்டுமே ஒரு முழு நாள் கேட்கும் இடம். 1850களில் கப்பலில் வந்த நோயாளிகளைத் தனிமைப்படுத்திய நிலையம் அங்கே இருக்கிறது. 1967 டிசம்பரில் நீந்தப் போன பிரதமர் ஹெரால்ட் ஹோல்ட் காணாமல் போன செவியட் கடற்கரையும் அங்கேதான். அதை வேறொரு நாளுக்கு வையுங்கள். இந்த நாளுக்குக் கேப் ஷாங்க் என்ற கடல்முனை போதும்.

ஃபிங்கலிலிருந்து பத்து நிமிட ஓட்டம். 1859இல் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம். அதைத் தாண்டி மரப் பலகைப் படிகள் முதுகெலும்பு போன்ற ஒரு மேட்டின் மேல் கடலை நோக்கி இறங்குகின்றன. இரு பக்கமும் கரிய எரிமலைப் பாறை. முனையில் புல்பிட் ராக் என்ற ஒற்றைப் பாறை அலைக்கு நடுவே நிற்கிறது. இறங்கி ஏற முக்கால் மணி நேரம் ஆகும். ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் வெந்நீரில் தளர்ந்த உடம்புக்கு அந்த உப்புக் காற்று புத்துணர்ச்சி தரும். காற்று பலமாக இருக்கும், கோடையிலும் ஜாக்கெட் வேண்டும். கீழே கடலில் கால் நனைக்க ஆசைப்படாதீர்கள். இந்தத் தென்முகக் கடற்கரைகளை இங்குள்ளவர்கள் பேக் பீச் என்பார்கள். நீரோட்டமும் திடீர் அலையும் ஆளை இழுத்துவிடும். கால் நனைக்க வேண்டுமென்றால் விரிகுடாப் பக்கம் டிரொமானாவோ ரோஸ்பட்டோ போங்கள், அங்கே குழந்தைகூட நிற்கலாம்.

கேப் ஷாங்கிலிருந்து ஃபிளிண்டர்ஸ் வழியாக, ஒயினரிகள் இருக்கும் ரெட் ஹில்லுக்கு ஏறுங்கள். இந்தச் சாலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வளைவில் மாடு மேயும் புல்வெளிக்கு அப்பால் வெஸ்டர்ன் போர்ட் நீலமாகத் தெரியும், அடுத்த வளைவில் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாகச் சரிவில் இறங்கும். மண் பெயருக்கேற்றபடி செம்மண். பழைய எரிமலைக் குழம்பு சிதைந்து உண்டானது.

சாப்பாடு ஒயினுக்கு முன்னால் என்று சொன்னேன். அதை மாற்றாதீர்கள். பெரிய ஒயினரிகளில் நல்ல உணவகங்கள் இருக்கின்றன. மொன்டால்டோ என்ற ஒயினரியில் சொந்தக் காய்கறித் தோட்டத்திலிருந்து பறித்துச் சமைக்கிறார்கள், சைவத்துக்கு அந்த மாதிரி இடம் பார்ப்பது நல்லது. விலை கூடுதல்தான், திருமண நாள் என்பதால் சொல்கிறேன். முன்பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதுங்கள். அதோடு மீன் சாஸ், கோழிச் சாறு கூடாது, முட்டை சாப்பிடுவீர்களா மாட்டீர்களா என்பதையும் விரித்து எழுதுங்கள். இங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை சேர்த்துதான் அர்த்தம். செலவு வேண்டாம் என்றால் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு ஆர்தர்ஸ் சீட் மேல் உள்ள சீவிண்ட்ஸ் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், மரத்தடியில் மேசைகள் உண்டு. ஒயினரி வளாகத்துக்குள் வீட்டுச் சாப்பாட்டைப் பிரிப்பது சரியாக இருக்காது.

இப்போது ஒயின். ஒயினரியில் வருபவர்களுக்குச் சுவைக்கக் கொடுக்கும் கூடத்தை இங்கே செல்லர் டோர் என்பார்கள். தீபகற்பத்தில் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. நீங்கள் இரண்டுக்கு மேல் போக வேண்டாம். ஒன்று சிறியதாகவும் இன்னொன்று பெரியதாகவும் இருந்தால் நல்லது. சிறியதற்கு மெயின் ரிட்ஜ் எஸ்டேட். 1975இல் தொடங்கியது, இங்கே வணிக முறையில் ஒயின் செய்த முதல் தலைமுறை. பெரியதற்கு பாயிண்ட் லியோ எஸ்டேட். வெஸ்டர்ன் போர்ட்டைப் பார்த்த சரிவில் பெரிய பெரிய சிற்பங்களை நிறுத்தியிருக்கிறார்கள், ஒயினில் ஆர்வம் இல்லாதவருக்கும் நேரம் போகும். எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்று கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள், சிறியவை எல்லா நாளும் திறப்பதில்லை.

உள்ளே போனால் என்ன நடக்கும் என்று தெரியாமல்தான் நம்மவர்கள் பலர் வாசலிலேயே தயங்குகிறார்கள். ஒன்றும் இல்லை. மேசைக்கு எதிரே நிற்பவர் நான்கைந்து ஒயின்களை ஒவ்வொன்றாக ஊற்றுவார், அளவு இரண்டு வாய்க்குத்தான் வரும். ஒரு சிறு கட்டணம் உண்டு, பாட்டில் வாங்கினால் பல இடங்களில் அதைக் கழித்துவிடுவார்கள். நாங்கள் இதற்குப் புதிது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு அது பிடிக்கும், நின்று விளக்குவார்கள். கிண்ணத்தைத் தண்டில் பிடியுங்கள், உள்ளங்கைச் சூடு ஏறாது. லேசாகச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோய் நன்றாக முகருங்கள். சுவையில் பாதிக்கு மேல் மணத்தில்தான் இருக்கிறது. ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் படவிடுங்கள். பிறகு விழுங்கலாம், அருகிலிருக்கும் பாத்திரத்தில் துப்பவும் செய்யலாம். துப்புவதை இங்கே யாரும் அநாகரிகமாக நினைப்பதில்லை, தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான்.

இந்த மண்ணின் பெருமை பினோ நுவார். தோல் மெல்லிய திராட்சை, வெயில் அதிகமானால் கெட்டுவிடும். கடல் காற்றில் திராட்சை மெதுவாகப் பழுக்கும் இந்த ஊர் அதற்கு ஏற்ற இடம். சிவப்பு ஒயின் என்றாலும் நிறம் வெளிறியது, கிண்ணத்துக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியும். செர்ரி, ஸ்ட்ராபெரி மணம், சிலவற்றில் மழை பெய்த காட்டு மண்ணின் வாசம். துவர்ப்பு குறைவு என்பதால் முதன்முதலாகக் குடிப்பவருக்கு முகம் சுளிக்காது. அடுத்தது ஷார்டனே, வெள்ளை ஒயின், எலுமிச்சைப் புளிப்போடு ஓக் பீப்பாய் தந்த மணமும் சேர்ந்திருக்கும். பினோ கிரீயும் கேளுங்கள். அந்த வகையை ஆஸ்திரேலியாவில் பரப்பியதில் இந்தத் தீபகற்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எதுவும் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள், வேறு ஊற்றுவார்கள்.

சைவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருள் இவற்றில் ஒன்றைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. தெளிந்தபின் வடித்துவிடுவார்கள் என்றாலும், வேண்டாம் என்று நினைப்பவர்கள் வீகன் ஒயின் எது என்று கேட்டால் காட்டுவார்கள். இப்போது பலர் எதுவும் சேர்க்காமலே செய்கிறார்கள்.

காரோட்டும் உங்கள் கணவர் விஷயத்தில் நான் கண்டிப்பாகத்தான் சொல்வேன். விக்டோரியாவில் முழு உரிமம் வைத்திருப்பவருக்கு ரத்தத்தில் மதுவின் அளவு 0.05 சதவீதம் என்பது எல்லை, புதிதாக உரிமம் பெற்றவருக்கான பி பிளேட் என்றால் பூஜ்யம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பதின்மூன்று சதவீத ஒயின் 100 மில்லியில் பத்து கிராம் ஆல்கஹால் இருக்கும், அதுதான் இங்கே ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க். 30 மில்லி வீதம் ஐந்து ஊற்றினால் ஒன்றரை. இரண்டு இடம் போனால் மூன்று. கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் குடித்த அளவே தெரியாது. அதோடு காலையில் வெந்நீரில் வியர்த்த உடம்பு, பழக்கமும் இல்லாதவர். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு அந்தக் கிண்ணத்தை உங்களிடம் தரட்டும், பிடித்த ஒரு பாட்டிலை வாங்கிப்போய் இரவு வீட்டில் இருவரும் சேர்ந்து திறவுங்கள். இல்லையென்றால் ஓட்டுநரோடு வரும் வேன் சுற்றுலாவைப் பிடியுங்கள். ஃபிராங்க்ஸ்டனிலிருந்து போர்ட்சி வரை போகும் 788ஆம் எண் பேருந்து கடலோரமாகப் போகிறது, மேலே ரெட் ஹில் ஒயினரிகளுக்கு அது உதவாது.

குடிக்கவே வேண்டாம் என்று கடைசி நிமிடத்தில் தோன்றினாலும் நாள் வீணாகாது. நவம்பர் முதல் ஏப்ரல் வாக்கில் மெயின் ரிட்ஜ் பக்கம் ஸ்ட்ராபெரி பறிக்கலாம். அல்லது ஆர்தர்ஸ் சீட் உச்சிக்குப் போகலாம். முன்னூறு மீட்டர் உயரம்தான், ஆனால் விரிகுடா முழுக்கக் காலடியில் விரியும், வானம் தெளிந்திருந்தால் மெல்பர்ன் நகரக் கட்டடங்கள்கூடத் தெரியும். 2016 டிசம்பர் முதல் அங்கே கொண்டோலா என்ற கம்பிவட வண்டி ஓடுகிறது. காரிலேயே மேலே போகலாம் என்றாலும் ஒருமுறை அதில் ஏறிப் பாருங்கள். ஒயினரிகளிலிருந்து வீடு திரும்பும் வழியும் அதுதான், கீழே டிரொமானாவில் ஃப்ரீவே கிடைக்கும்.

காலம் உங்கள் கையில் இருந்தால் மார்ச் முதல் மே வரை வைத்துக்கொள்ளுங்கள், அறுவடையும் அப்போதுதான், கொடிகளின் இலையும் மஞ்சளாகும். ஜனவரி விடுமுறையும் நீண்ட வார இறுதிகளும் வேண்டாம், திரும்பும்போது ஃப்ரீவேயில் நின்று நின்று வர வேண்டியிருக்கும். திருமண நாள் வார இறுதியில் வந்தால் ஒரு நாள் லீவு போட்டுச் செவ்வாய், புதன் கிழமைக்கு மாற்றுங்கள், குளத்திலும் கூட்டம் பாதியாக இருக்கும், சீட்டும் மலிவு. ஞாயிறுதான் முடியும் என்றால், போகும் வழியில் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதைத் திரும்பும் வழிக்குத் தள்ளி வையுங்கள், காலை முதல் நேரச் சீட்டு தவறினால் குன்றின் மேல் குளம் தவறிவிடும். நேரம் தாண்டிவிடுமோ என்று தோன்றினால் கோயில் நடை சாத்தும் நேரத்தை முன்னாலேயே பாருங்கள்.

முன்பதிவில் முதலில் குளியல் சீட்டு. அது எந்த நாள் கிடைக்கிறதோ அதைப் பொறுத்து மதியச் சாப்பாடு, அதன் பிறகு செல்லர் டோர். மழை என்று முன்னறிவிப்பு வந்தால் ரத்து செய்ய வேண்டாம், வெந்நீரில் உட்கார்ந்திருக்கும்போது மழை பெய்வது இன்னும் நன்றாகவே இருக்கும். கேப் ஷாங்க் படிகள் வழுக்கும், அதை மட்டும் விட்டுவிடுங்கள்.